கதவு கீலுக்கு எண்ணெய் விட்டதுக்கு ஒரு ப்ரேக்கப்: ஒரு நிகழ்வு ஆய்வு

முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன். இதுல வர்ற பொண்ணு ஒரே ஆள் கிடையாது, கிட்டத்தட்ட ஒரே மாதிரி பிரச்சனையோட கவுன்சிலிங் வந்த ரெண்டு மூணு பேரைக் கலந்து, வயசு வேலை எல்லாம் மாத்தித்தான் எழுதறேன், அதனால யாரு என்னன்னு தேட வேண்டாம். பேரும் வைக்கல. அவ, அவன், அவ்வளவுதான்.

அவளுக்கு 26 வயசு, அவனுக்கு 28. ரெண்டு வருஷமா லவ், கல்யாணப் பேச்சு இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு. முதல் செஷன்ல வந்து உக்காந்தவ பேக்கைக்கூட கீழ வைக்கல, மடியிலயே இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு சொன்னா: "மேடம், எங்கப்பா அம்மா டைவர்ஸ். நான் ஆங்சியஸ் அட்டாச்மென்ட், அவன் அவாய்டன்ட். இதை எப்படி சரி பண்றதுன்னு மட்டும் சொல்லுங்க." அதாவது விட்டுட்டுப் போயிடுவாங்களோன்னு பதறி ஒட்டிக்கற வகை இவ, நெருங்கினா விலகிப் போற வகை அவன். நெட்ல ஏதோ க்விஸ் போட்டுப் பாத்துட்டு வந்திருக்கா. டாக்டர்கிட்ட போகும்போதே மாத்திரைப் பேரையும் சேர்த்து சொல்வாங்களே, அந்த மாதிரி. உள்ளுக்குள்ள லேசா சிரிப்பு வந்துச்சு எனக்கு. ஆனா உண்மையைச் சொல்லணும்னா முதல் நாலு செஷன் நானும் அந்த க்விஸ் சொன்ன வழியிலதான் போய்க்கிட்டிருந்தேன். இந்தக் கேஸை எழுதறதுக்கே பாதிக் காரணம் அந்தத் தப்புதான்.

பிரச்சனை என்னன்னா

ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு பெரிய சண்டை. ஆரம்பிக்கறது எப்பவும் அவதான், அதை அவளே ஒத்துக்கறா. மெசேஜ் பாத்துட்டு ரிப்ளை பண்ணல, ஃப்ரெண்ட்ஸ் கூட இருக்கும்போது என் பக்கம் திரும்பல, இந்த ரகத்துல ஏதாவது சின்னதா கிடைக்கும், அங்கேர்ந்து ஒரு மணி நேரத்துல "உனக்கு என்னைப் பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிடு, முடிச்சுக்கலாம்"ங்கற எடத்துக்கு வந்து நின்னுடும். நாலு தடவை ப்ரேக்கப் சொன்னதும் அவதான், நாலு தடவையும் அன்னைக்கு ராத்திரியே போன் பண்ணி அழுததும் அவதான். மூணு தடவை அவன் எடுத்தான். நாலாவது தடவை எடுக்கல, மூணு நாள் சத்தமே இல்ல. அந்த மூணு நாளும் அவ தூங்கல, அவனோட லாஸ்ட் சீனைப் பாத்துப் பாத்து ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கா. நோட்டைக் கொண்டு வந்து காமிச்சா. பக்கம் பூரா நேரம் மட்டும்தான், 11.42, 11.58, 12.20ன்னு போய்க்கிட்டே இருக்கு, பக்கத்துல ஒரு வார்த்தை கிடையாது.

அவன் கை நீட்டறானா, மிரட்டறானா, வேற யார்கூடயாவது தொடர்பா, எல்லாம் முதல்லயே கேட்டுட்டேன். அப்படி எதுவும் இல்ல. தற்கொலை எண்ணம், போதை இதெல்லாமும் கேட்டாச்சு, இல்ல. இதை ஏன் தனியா சொல்றேன்னா, ஏமாத்தறவன்கிட்டயோ அடிக்கறவன்கிட்டயோ மாட்டிக்கிட்டு ஒரு பொண்ணு பயப்படறதுக்கு "உனக்கு அட்டாச்மென்ட் பிரச்சனை"ன்னு பேர் வச்சு அவ தலையிலயே கட்டிடறதை நான் பாத்திருக்கேன். நியாயமான பயத்துக்கு தெரபி தேவையில்ல, வெளிய வர வழிதான் வேணும்.

அவ வளர்ந்த வீடு

அப்பா வீட்டை விட்டுப் போனப்ப அவளுக்கு 9 வயசு. கோர்ட்ல டைவர்ஸ் முடிஞ்சப்ப 11. "அவங்க சண்டை போட்டு நான் பாத்ததே இல்ல மேடம், குரல் உசந்ததுகூட கிடையாது"ன்னு சொன்னா. இதை முதல் செஷன்லயே சொல்லிட்டா, நானும் எழுதி வச்சிருக்கேன், ஆனா அடிக்கோடு போடல. ஒரு திங்கக்கிழமை ஸ்கூல் விட்டு வந்தா அப்பாவோட செருப்பு வாசல்ல இல்ல. அம்மாகிட்ட கேட்டா "அப்பாவுக்கு வேற ஊர்ல வேலை." ரெண்டு வருஷம் அதுதான் பதில். நிஜம் என்னன்னு அவளுக்குத் தெரிஞ்சது அம்மா யார்கூடயோ போன்ல பேசும்போது கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டுத்தான்.

அதுக்கப்புறம் அப்பா வாராவாரம் வந்தார், அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவை, அப்புறம் பொறந்தநாளுக்கு மட்டும் போன். அம்மா அவரைப் பத்தி ஒரு நாளும் தப்பா பேசினதில்ல, சொல்லப்போனா எதுவுமே பேசினதில்ல. ராத்திரி அம்மா அழறாங்களான்னு காதைத் தீட்டிக்கிட்டு படுத்திருப்பாளாம், அம்மா மூச்சு சீரா வர்ற வரைக்கும் தூங்க மாட்டாளாம். ஒம்பது வயசுப் புள்ள நைட் ட்யூட்டி பாத்திருக்கு.

கொஞ்சம் தியரி, தெரிஞ்சவங்க தாண்டிடலாம்

அட்டாச்மென்ட்ங்கறது நெட்ல சுத்தற ராசிபலன் மாதிரி ஆயிடுச்சு, அதனால எங்கேர்ந்து வந்துச்சுன்னு சுருக்கமா. ஜான் பௌல்பிங்கற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் 1969, 1973, 1980னு மூணு தொகுதியா எழுதினார், குழந்தை பயந்தா ஓடிப்போய் ஒட்டிக்க ஒரு ஆள் வேணும், அந்த ஆள் கிடைப்பாரா மாட்டாராங்கற கணக்கை குழந்தை மனசுக்குள்ள போட்டு வச்சுக்குதுங்கறதுதான் அதோட சாரம். மேரி ஐன்ஸ்வொர்த்ங்கற உளவியலாளர் ஒரு வயசுக் குழந்தைகளை அம்மாகிட்ட இருந்து சில நிமிஷம் பிரிச்சு, அம்மா திரும்பி வரும்போது குழந்தை என்ன செய்யுதுன்னு பாத்து வகை பிரிச்சாங்க. 1987ல ஹஸானும் ஷேவரும் இதைக் காதலுக்குக் கொண்டு வந்தாங்க, அமெரிக்காவுல ஒரு பத்திரிகையில மூணே மூணு பத்தி போட்டு "இதுல நீங்க எது?"ன்னு கேட்டாங்க, பதில் அனுப்பினவங்கள்ல சுமார் 56 சதவீதம் நிம்மதியான வகை, 25 சதவீதம் விலகிப் போற வகை, மிச்சம் பதற்ற வகை. ஆக க்விஸ் போடறவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, காதல்ல அட்டாச்மென்ட் பாக்கற துறையே ஒரு பேப்பர் க்விஸ்லதான் ஆரம்பிச்சுது.

இப்பல்லாம் வகையா பிரிக்கறது குறைஞ்சுடுச்சு. பதற்றம் எவ்வளவு, விலகல் எவ்வளவுன்னு ரெண்டு அளவுகோல். ஃப்ரேலி குழு 2000ல வெளியிட்ட 36 கேள்வி கொண்ட படிவத்தைத்தான் அவகிட்ட கொடுத்தேன், 18 கேள்வி பதற்றத்துக்கு, 18 விலகலுக்கு. பதற்றம் எக்கச்சக்கமா ஏறியிருந்துச்சு, விலகல் கம்மி. க்விஸ் சொன்னது சரி, நான் நினைச்சதும் சரி. கேஸ் முடிஞ்ச மாதிரிதான்னு நினைச்சேன்.

நான் செஞ்ச தப்பு

பாடப்புத்தகப்படி பதற்ற வகை ஆளுக்குப் பிரச்சனையைக் கிளப்பறது தூரம். பார்ட்னர் பதில் சொல்லலைன்னா, ஊருக்குப் போனா, வேலையில மூழ்கினா உள்ள அலாரம் அடிக்கும், அடிச்சதும் கத்தறது, மிரட்டறது, "போறேன்"னு சொல்றது எல்லாம் கிட்ட இழுக்கற முயற்சி. பௌல்பி இதை எதிர்ப்புன்னே சொல்றார், தொட்டில்ல விட்டுட்டுப் போன குழந்தை அலறுதே, அதே சமாச்சாரம்தான். அப்ப வைத்தியம் என்ன? கிட்ட இருக்கேன்னு அடிக்கடி காமிச்சா அலாரம் அடங்கும். மூணாவது செஷன்ல அவனையும் வரச்சொல்லி, ஒரு நாளைக்கு ரெண்டு தடவையாவது கேக்காமலே ஒரு அன்பான மெசேஜ் போடுப்பா, வாரத்துல ஒரு நாள் அவளுக்குன்னு ஒதுக்குன்னு சொல்லி அனுப்பினேன். பையன் நல்ல பையன். சொன்னதை அப்படியே செஞ்சான்.

மூணு வாரத்துல ரெண்டு பெரிய சண்டை. முன்னாடி இருந்ததைவிட மோசம். "அவன் என்னமோ பண்றான் மேடம், திடீர்னு இவ்ளோ நல்லவனா இருக்கான், ஏதோ மறைக்கறான்"னா. நான் அப்பவும் முழிக்கல. சந்தேகம் ஜாஸ்தியாயிருக்குன்னு மட்டும் எழுதி வச்சேன்.

நாலாவது செஷன்ல என்ன பண்றதுன்னு தெரியாமத்தான் ஒரு டேபிள் போட்டுக் கொடுத்தேன். சண்டை எதுல ஆரம்பிச்சுதுங்கறதை விடு, சண்டைக்கு முந்தின 24 மணி நேரம் எப்படி இருந்துச்சுன்னு எழுதிட்டு வா, பழைய சண்டையும் ஞாபகம் இருந்தா அதையும் எழுதுன்னேன். நேரம் குறிக்கறதுல அவதான் கெட்டிக்காரி ஆச்சே, 9 சண்டைக்கு எழுதிட்டு வந்துட்டா. அதைப் பாத்தப்பதான் எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. ஒம்பதுல ஏழு சண்டை நல்ல நாளுக்கு அடுத்து வந்தது. ரெண்டு பேரும் வெளிய போய்ட்டு வந்த மறுநாள், அவன் அவ அம்மாவை முதல் தடவையா பாத்த மறுநாள், அவ பிறந்தநாள் ராத்திரி. நடுவுல அவன் ஆபீஸ் வேலையா பத்து நாள் வெளியூர் போயிருக்கான், ஒழுங்கா போன்கூட வராது, அந்தப் பத்து நாளும் ஒரு சண்டை கிடையாது. "அப்ப நல்லாத்தான் இருந்தேன்"னு அவளே ஆச்சரியமா சொல்றா. தூரம்தான் பயம்னா இந்தப் பத்து நாள் அவ பைத்தியம் பிடிச்ச மாதிரி இருந்திருக்கணும்ல?

தூரத்துக்கு அவ பயப்படல. அமைதிக்குத்தான் பயப்படறா.

ஆறாவது செஷன்

டேபிள்ல ஒரு ஞாயித்துக்கிழமை இருந்துச்சு, மூணாவது ப்ரேக்கப் நடந்த நாள். காரணம்ங்கற எடத்துல "தெரியல" போட்டிருந்தா. அந்த ஒரு நாளை மட்டும் மெதுவா, நிமிஷம் நிமிஷமா சொல்லச் சொன்னேன். அவன் காலையில அவ ஃப்ளாட்டுக்கு வந்தான். காபி குடிச்சான். பாத்ரூம் கதவு ரொம்ப நாளா கிறீச் கிறீச்சுன்னு சத்தம் போட்டுக்கிட்டே இருந்துச்சு, அவன் ஒரு சின்ன எண்ணெய் பாட்டில் வாங்கிட்டு வந்திருந்தான். முட்டி போட்டு உக்காந்து கீழ் கீலுக்கு விட்டான், எழுந்து மேல் கீலுக்கு விட்டான், கதவைத் திறந்து மூடி திறந்து மூடிப் பாத்தான். சத்தம் வரல. அவளைப் பாத்து சிரிச்சு "இனிமே சத்தம் வராது"ன்னான். அப்படியே கிச்சன் குழாய் சொட்டறதையும் பாத்துடறேன்னு போனான். "அப்பத்தான் மேடம் வயித்துல என்னமோ பண்ணுச்சு, கை ஜில்லுனு ஆயிடுச்சு, எதுக்குன்னே தெரியல, அவன் போன் டேபிள் மேல இருந்துச்சு, அதை எடுத்துப் பாத்தேன், ஒரு பொண்ணு மெசேஜ் இருந்துச்சு, ஆபீஸ் மெசேஜ்தான், அதை வச்சு ஆரம்பிச்சுட்டேன்."

இதுக்கு முன்னாடி யாராவது உன் வீட்ல கதவுக்கு எண்ணெய் விட்டிருக்காங்களான்னு கேட்டேன். சத்தியமா சொல்றேன், எதையும் எதிர்பார்த்துக் கேக்கல, வாய்ல வந்துச்சு, கேட்டுட்டேன்.

ரொம்ப நேரம் பேசல. அப்புறம் பேக்கை எடுத்துக் கீழ வச்சா, ஆறு செஷன்ல முதல் தடவையா. "அப்பா"ன்னா.

போறதுக்கு முந்தின கடைசி ஒரு மாசம் அப்பா சீக்கிரமா வீட்டுக்கு வந்திருக்கார். சொட்டற குழாயை மாத்தினார். எல்லாக் கதவுக்கும் எண்ணெய் விட்டார். வீட்டுச் சாவி ஒவ்வொண்ணுலயும் எது எதுக்குன்னு சின்னச் சின்ன பேப்பர்ல எழுதி ஒட்டினார். அவளுக்கு சைக்கிள் பேலன்ஸ் பண்ணக் கத்துக்கொடுத்தார், பின்னாடி பிடிச்சுக்கிட்டே ஓடி வந்தார். அவ வாழ்க்கையிலயே அப்பா கூட நல்லா இருந்த மாசம் அதுதானாம். அதோட கடைசித் திங்கக்கிழமைதான் வாசல்ல செருப்பு இல்லாம இருந்தது.

இப்ப அந்த ஒம்பது வயசுக் குழந்தையா இருந்து கணக்குப் போட்டுப் பாருங்க. சண்டை இல்ல, அழுகை இல்ல, எந்த அறிகுறியும் இல்ல. இருந்த ஒரே அறிகுறி அப்பா ரொம்ப நல்லவரா ஆனது, ஓட்டை உடைசலை எல்லாம் சரி பண்ணது. அதுல இருந்து அந்தக் குழந்தை என்ன கத்துக்கும்? ஒருத்தர் உன்மேல பிரியமா நடந்து, வீட்ல சத்தம் போடற எல்லாம் ஒண்ணு ஒண்ணா அடங்கிப் போச்சுன்னா கிளம்பப் போறார்னு அர்த்தம். நான் அவனை அன்பா ரெண்டு மெசேஜ் போடச் சொன்னது எவ்ளோ பெரிய கூத்துன்னு அப்பத்தான் புரிஞ்சுது. நெருப்புல நானே எண்ணெய் ஊத்தியிருக்கேன்.

சண்டை அவளுக்கு ஒரு சோதனை. கத்திப் பாக்கறா, அவனும் திருப்பிக் கத்தினா இன்னும் இங்கதான் இருக்கான்னு அர்த்தம். நாலாவது ப்ரேக்கப்ல அவன் கத்தல, போனையும் எடுக்கல. அதனாலதான் அந்த நோட்டு.

"டைவர்ஸ் வீட்டுப் பொண்ணு"ங்கறது ஏன் பத்தாது

இந்தக் கேஸ்ல எனக்கு ரொம்ப உதவினது பால் அமேட்டோவும் ஆலன் பூத்தும் பண்ண வேலை. அமெரிக்கக் குடும்பங்களைப் பல வருஷம் தொடர்ந்து பாத்து 1995ல ஒண்ணு சொன்னாங்க: ஓயாம சண்டை போட்ட அப்பா அம்மா பிரிஞ்சா, பிள்ளைங்க பெரியவங்களான பிறகு, அதே மாதிரி சண்டை போட்டுக்கிட்டே சேர்ந்து இருந்தவங்க பிள்ளைகளைவிட நல்லாவே இருக்காங்க. சண்டையே இல்லாத வீடு உடைஞ்சா அந்தப் பிள்ளைங்கதான் அதிகமா அடிபடறாங்க. கேக்கறதுக்கு தலைகீழா இருக்கும், "நாங்க பிள்ளைங்க முன்னாடி ஒரு வார்த்தை பேசல, நாகரிகமா பிரிஞ்சோம்"னு பெருமையா சொல்ற அப்பா அம்மா எத்தனை பேர். ஆனா பிள்ளை பக்கமிருந்து யோசிங்க, சண்டை போட்ட வீட்ல பிரிவுக்குக் காரணம் கண்ணு முன்னாடி இருக்கு, பிரிஞ்சதும் ஒரு நிம்மதியும் இருக்கு. சண்டை இல்லாத வீட்ல காரணம்னு எதுவுமே இல்ல, அப்ப காரணத்தைப் பிள்ளை தானே தயாரிச்சுக்கும், அது பெரும்பாலும் தப்பான காரணமாத்தான் இருக்கும். பிள்ளைங்க முன்னாடி சண்டை போடுங்கன்னு நான் சொல்ல வரல. போறதுக்கு முன்னாடி உக்காத்தி வச்சுச் சொல்லுங்கன்னுதான் சொல்றேன்.

இன்னொண்ணு, டைவர்ஸ் ஆனா பிள்ளையோட காதல் வாழ்க்கை காலின்னு ஒரு எண்ணம் ஊறிப்போய் கிடக்கு. ஜூடித் வாலர்ஸ்டைன் 1971ல கலிஃபோர்னியாவுல 60 குடும்பங்களை எடுத்து 25 வருஷம் தொடர்ந்து பாத்து, அடி அடியோட போகாது, காதல் வயசுலதான் முழுசா தெரியுதுன்னு சொன்னாங்க. அந்த நேர்காணல்கள் எல்லாம் ரொம்ப ஆழமானவை, ஆனா டைவர்ஸ் ஆகாத குடும்பங்களை ஆரம்பத்துல இருந்தே பக்கத்துல வச்சு ஒப்பிடலைங்கற விமர்சனம் இன்னைக்கும் இருக்கு. மேவிஸ் ஹெதரிங்டன் ஒப்பிட்டுப் பாத்தாங்க, டைவர்ஸ் ஆன வீட்டுப் பிள்ளைகள்ல சுமார் 25 சதவீதம் பேருக்குப் பெரிய பிரச்சனை, ஆகாத வீட்ல சுமார் 10 சதவீதம். ரெண்டரை மடங்கு, சின்ன வித்தியாசம் இல்ல. ஆனா அதே கணக்குப்படி நாலுல மூணு பேர் பெரிய பிரச்சனை இல்லாம வந்துட்டாங்க.

ஃப்ரேலியும் ஹெஃபர்னனும் 2013ல வெளியிட்டது நான் அவகிட்டயே விளக்கிச் சொன்ன ஒண்ணு. அப்பா அம்மா பிரிஞ்சதோட தாக்கம் அப்பா அம்மா கூட இருக்கற உறவுலதான் தெளிவா தெரியுது, அதுவும் ரொம்பச் சின்ன வயசுல பிரிஞ்சிருந்தா ஜாஸ்தி, காதல் உறவு வரைக்கும் அது அவ்வளவா பரவறதில்லன்னு பாத்தாங்க. இதை அவ விஷயத்துலயே சோதிச்சேன். அம்மா, அப்பா, பார்ட்னர், நெருங்கின ஃப்ரெண்டுன்னு ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா 9 கேள்வி போடற படிவம் இருக்கு. ஃப்ரெண்டு விஷயத்துல சுத்தமா பதற்றம் இல்ல. அப்பா விஷயத்துல விலகல் மேல நிக்குது, "அவர்கிட்ட எதுக்கும் போய் நிக்க மாட்டேன்"ங்கற ரகம். பார்ட்னர்கிட்ட மட்டும் பதற்றம். நெத்தியில குத்தின முத்திரை மாதிரி "நான் ஆங்சியஸ்"னு சொல்லிட்டு வந்தவளுக்கு நாலு பேர்கிட்ட மூணு விதமா வந்திருக்கு. இந்தப் பேப்பரை மட்டும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாமான்னு கேட்டா.

அவன் கதை

அவனோட அப்பா அம்மா இன்னைக்கும் ஒண்ணாத்தான் இருக்காங்க. தினமும் சண்டை. சின்ன வயசுல சண்டை ஆரம்பிச்சா ரூமுக்குப் போய் கதவைச் சாத்திட்டு ஹெட்ஃபோன் மாட்டிக்குவானாம், பாட்டுகூட போட மாட்டானாம், சும்மா மாட்டிக்குவானாம். டைவர்ஸ் ஆகலைங்கறது ஒண்ணும் நற்சான்றிதழ் கிடையாது. மிங் குய், ஃபிராங்க் ஃபின்ச்சம் ரெண்டு பேரும் 2010ல இதைப் பிரிச்சுப் பாத்தாங்க: பெத்தவங்க டைவர்ஸ் இளவயசுக்காரங்களோட கல்யாணம் பத்தின எண்ணத்தையும் கமிட்மென்ட்டையும் தொடுது, பெத்தவங்க சண்டை வேற பாதையில போகுது, அவங்க சண்டை போடற விதத்தையே தொடுது. இந்த ஜோடியை அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. அவளுக்கு இது நிலைக்குமாங்கற கேள்வி, அவனுக்கு குரல் உசந்தா உடம்பே அடைச்சுக்குது.

உடம்புன்னு சும்மா சொல்லல. ஜான் காட்மன்ங்கற அமெரிக்க உளவியலாளர் ஜோடிகளைச் சண்டை போடவிட்டு அளந்தப்ப, இதயத்துடிப்பு நிமிஷத்துக்கு 100ஐத் தாண்டினா எதிர்ல இருக்கறவர் சொல்றது மண்டையில ஏறாதுன்னு பாத்தார், குறைஞ்சது 20 நிமிஷமாவது விட்டாத்தான் அடங்கும். அவன் மூணு நாள் எடுத்துக்கிட்டான், எவ்வளவு நேரம் வேணும்னும் சொல்லல. அவ கத்தினா அவன் போயிடுவான், அவன் போனா அவ இன்னும் கத்துவா. அவனை அவாய்டன்ட்னு முத்திரை குத்தினதும் அரைகுறைதான், சண்டை இல்லாத நேரத்துல மனசு விட்டுப் பேசறது அவன்தான்.

என்ன செஞ்சோம்

மொத்தம் 14 செஷன், அதுல நாலு அவனோட சேர்ந்து. மெசேஜ் வேலையை முதல்ல நிறுத்தினேன். பதிலுக்கு அவளுக்கு ஒரே ஒரு பாடம்: நல்ல நாள் முடிஞ்சு வயித்துல அந்த ஜில்லிப்பு வந்தா சண்டைக்குக் காரணம் தேடாத, அவன் போனைத் தொடாத, "இப்ப பயம் வந்திருக்கு, எதுவும் நடக்கல, ஆனா வந்திருக்கு"ன்னு வாய்விட்டு அவன்கிட்ட சொல்லு. முதல் தடவை சொன்னப்ப அழுதுட்டாளாம். ரெண்டாவது தடவை சொல்ல வந்து சண்டையே போட்டுட்டா. மூணாவது தடவைதான் ஒழுங்கா சொன்னா, அவன் "சரி, நான் எங்கயும் போகல"ன்னுட்டு டிவி பாத்துக்கிட்டே இருந்தானாம். அந்த டிவி பாத்துக்கிட்டே இருந்ததுதான் எனக்குப் பிடிச்சிருந்துச்சு, ஓடி வந்து கட்டிப்பிடிச்சிருந்தா மறுபடியும் மணி அடிச்சிருக்கும்.

அவனுக்கும் ஒரே பாடம். வெளிய போ, தப்பில்ல, ஆனா எப்ப திரும்பி வருவேன்னு சொல்லிட்டுப் போ, சொன்ன நேரத்துக்கு வந்துடு. கோவத்துல இருந்தாலும் வா, பேசாம உக்காரு. "அரை மணி நேரம்"னு சொல்லிட்டு 40 நிமிஷத்துல வந்த ஒரு நாள் பெரிய ரகளை ஆச்சு, அதுக்கப்புறம் அவன் 45 நிமிஷம்னு சொல்லிட்டு அரை மணியில வர ஆரம்பிச்சான்.

பத்தாவது செஷனுக்கு அப்புறம் அப்பாகிட்ட பேசணும்னு அவளே சொன்னா. நான் தள்ளல, தடுக்கவும் இல்ல. என்ன பதில் வந்தா என்ன செய்வேன்னு மட்டும் முன்னாடியே பேசிக்கிட்டோம், எதுவுமே வராமலும் போகலாம்னு சொல்லி வச்சேன். அம்மாகிட்ட முதல்ல கேட்டா. குழாய் மாத்தினது அம்மாவுக்கு நல்லா ஞாபகம் இருக்கு, சாவியில பேப்பர் ஒட்டினதும் ஞாபகம் இருக்கு, ஒரு சாவியில அந்தப் பேப்பர் இன்னும் இருக்காம். கதவு மட்டும் ஞாபகம் இல்ல. அப்புறம் அப்பாவுக்குப் போன் போட்டா. இருபது நிமிஷம் பேசியிருக்காங்க, பதினஞ்சு வருஷத்துல அதுதான் நீளமான போன். "உங்களை அப்படியே விட்டுட்டுப் போக மனசு வரல பாப்பா, வீட்டையாவது சரி பண்ணி வச்சுட்டுப் போகணும்னு நினைச்சேன்"னாராம். அப்ப கதவுக்கு எண்ணெய் விட்டீங்களேன்னு இவ கேட்டிருக்கா. "எந்தக் கதவு?"ன்னு கேட்டாராம்.

இதை சொல்லும்போது அவ சிரிச்சா. கொஞ்சம் கோவமும் இருந்துச்சு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல, சும்மா இருந்தேன்.

எனக்கே இருக்கற சந்தேகங்கள்

கதவுக் கதை ரொம்ப அழகா பொருந்துது, அதனாலயே எனக்கு அதுமேல ஒரு கண்ணு இருக்கு. ஒம்பது வயசு ஞாபகம் 26 வயசுல தோண்டி எடுக்கும்போது அப்படியே வராது, இன்னைக்குத் தேவைக்கு ஏத்த மாதிரி வளைஞ்சுதான் வரும், நான் கேட்ட கேள்வியே அதை வளைச்சிருக்கலாம். கதவுக்கு அவரு எண்ணெய் விட்டாரான்னு அம்மாவுக்கும் தெரியல, அவருக்கும் தெரியல. ஆனா டேபிள்ல இருந்த ஏழு நல்ல நாளும் ஒம்பது வயசு ஞாபகக் கதை இல்ல, இவங்க ரெண்டு பேருக்குள்ள நடந்தது, பேப்பர்ல கண்ணு முன்னாடி இருந்துச்சு, நான் அதைத்தான் நம்பினேன்.

ரெண்டாவது, எல்லாத்தையும் வளர்ப்பு தலையில போடறதும் ஆபத்து. ஸ்வீடன் பதிவேடுகளை வச்சு 2018ல வந்த ஒரு ஆய்வுல, தத்துப் பிள்ளைங்க டைவர்ஸ் விஷயத்துல வளர்த்த அப்பா அம்மாவை ஒத்துப்போகல, பெத்தவங்களைத்தான் ஒத்துப்போனாங்க. சுபாவமும் கூடவே வருதுன்னு அர்த்தம். இவ பிறவியிலயே கொஞ்சம் பதற்றமான ஆளா இருந்திருக்கலாம், அந்த மாதிரி ஒரு குழந்தைக்கு சத்தமில்லாம ஒரு அப்பா போனதுதான் இப்படி விழுந்திருக்கும், வேற குழந்தைக்கு வேற மாதிரி. ஆனா ஆரம்பத்துல விழுந்தது அப்படியே கெட்டிப்பட்டுடும்னும் கிடையாது. வாட்டர்ஸ் குழு 2000ல வெளியிட்டதுல ஒரு வயசுல பாத்த 50 பேரை 20 வருஷம் கழிச்சு மறுபடி பாத்தாங்க, நிம்மதியான வகை, நிம்மதியில்லாத வகைன்னு ரெண்டா பிரிச்சதுல 72 சதவீதம் பேர் முன்ன இருந்த அதே பக்கம்தான் இருந்தாங்க. மிச்சப் பேர் மாறினாங்க. மாறினவங்கள்ல டைவர்ஸ், சாவு, பெரிய வியாதின்னு நடுவுல அடி வாங்கினவங்க ஜாஸ்தி, அதாவது இது ரெண்டு பக்கமும் திறக்கற கதவு.

இப்ப

ஆறு மாசம் கழிச்சு ஒரு ஃபாலோஅப் வச்சேன். அந்த ஆறு மாசத்துல மூணு சண்டை, ப்ரேக்கப் வார்த்தை ஒரு தடவை வந்திருக்கு, ஒரு மணி நேரத்துல அவளே வாபஸ் வாங்கியிருக்கா. பதற்ற ஸ்கோர் இறங்கியிருக்கு, ஆனா நடுக்கோட்டுக்கு இன்னும் மேலதான். கல்யாணம் பத்தி இன்னும் முடிவு பண்ணல, இப்ப தள்ளிப்போடறது அவதான், அவன் இல்ல. அது பயமா, யோசனையான்னு கேட்டேன், ரெண்டும்தான்னா. அவன் வேற ஒரு கவுன்சிலர்கிட்ட தனியா போக ஆரம்பிச்சிருக்கான், அவன் வீட்டு ஹெட்ஃபோன் கதைக்காக. அப்பா மாசத்துக்கு ஒரு தடவை போன் பண்றார், அவ எடுக்கறா, எல்லாத் தடவையும் இல்ல.

பாத்ரூம் கதவு மறுபடியும் கிறீச்சுன்னு சத்தம் போட ஆரம்பிச்சிருக்காம். எண்ணெய் பாட்டில் அங்கயே அலமாரியில இருக்கு. இந்தத் தடவை நானே விடலாம்னு இருக்கேன் மேடம்னு சொல்லிட்டுப் போனா, விட்டாளான்னு நான் கேக்கல.